மோட்டார் சைக்கிளை நீங்களே திருத்தலாம், பதிவுப் புத்தகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்

ஒயில் மாற்ற, பிளக் மாற்ற, செயின் இறுக்க, பிரேக் சூ போட, கிளச் தட்டு மாற்ற யாருடைய அனுமதியும் தேவையில்லை. கராஜ் பற்றுச்சீட்டையும் யாரும் கேட்பதில்லை. வீட்டு முற்றத்தில் செய்யும் வேலை சட்டத்தோடு உரசுவது மூன்று இடங்களில்: வண்டி பதிவுப் புத்தகத்தில் உள்ளபடி இருக்க வேண்டும், புகைப் பரிசோதனையில் தேற வேண்டும், வெளிச்சமும் சத்தமும் அளவோடு இருக்க வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எங்கும் இதுதான் நிலை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இலங்கை முழுவதற்கும் ஒன்றுதான்.

எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும்

புத்தகத்தில் எஞ்சின் இலக்கம், சேசி (வண்டியின் இரும்புச் சட்டகம்) இலக்கம், எஞ்சின் கொள்ளளவு (சீசீ), நிறம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். இவற்றில் ஒன்று மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். பலரும் இதில் மாட்டுப்படுவது தெரியாமல்தான். "எஞ்சினை மாற்றவில்லை, கிராங் கேஸை மட்டும் மாற்றினேன்" என்பார்கள். எஞ்சின் இலக்கம் அடித்திருப்பதே எஞ்சினின் வெளிக்கூடான அந்தக் கேஸில்தான். பெரும்பாலும் இடப்பக்கம், கியர் பெடலுக்குக் கிட்ட இருக்கும். செயின் அறுந்து கேஸை உடைத்துவிட்டதென்று பழைய சாமான் கடையில் வேறொரு கேஸ் வாங்கிப் போட்டால், உள்ளே பிஸ்ரனும் கிராங்கும் உங்களுடையவையாக இருந்தாலும், பதிவின்படி அது வேறு எஞ்சின்.

அதனால் கேஸைக் காப்பாற்றப் பாருங்கள். ஒயில் வடிக்கும் போல்ற்றின் புரி தேய்ந்துவிட்டதா? துளையைப் பெருப்பித்துப் புதுப்புரி வெட்டி, உள்ளே புரிச்சுருள் போடலாம். அலுமினிய ஒட்டு நன்றாகத் தெரிந்தவரிடம் சின்ன வெடிப்பையும் அடைக்கலாம். மாற்றியே ஆகவேண்டும் என்றால், விற்பவரிடம் எஞ்சின் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டை வாங்குங்கள். அது இல்லாமல் பதிவைத் திருத்தப் போனால் திரும்பி வரவேண்டியதுதான்.

சேசி இலக்கம் பெரும்பாலும் ஹான்டில் கழுத்துக் குழாயில் இருக்கும். பெயின்ற் அடிக்கமுன் அந்த இடத்தில் பிளாஸ்ரர் ஒட்டிவிடுங்கள். துரு எடுக்கிறேன் என்று கிறைண்டர் பிடித்து இலக்கத்தை மங்கச் செய்தால், கள்ள வண்டி இல்லையென்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். நிறத்தை மாற்றினாலும் அறிவிக்க வேண்டும். பழைய நிறத்திலேயே திரும்ப அடித்தால் பிரச்சினையில்லை.

சீசீ கூடினால் லைசென்சும் மாறும்

சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ1 வகுப்பு 100 சீசீ வரைக்கும்தான். அதற்கு மேல் ஏ வகுப்பு. ஹொண்டா எம்.டி. 90 ஓட ஏ1 போதும். அதே சேசியில் 125 சீசீ எஞ்சினைத் தூக்கி வைத்தால் புத்தகமும் பிழை, ஓடுபவரின் லைசென்சும் பிழை. விபத்து என்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்க்கும் இடமும் அதுதான்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்ரன் போடுவது வேறு கதை, அது திருத்த வேலை. கணக்குக்காகச் சொன்னால், சிலிண்டர் விட்டம் 53, பிஸ்ரன் ஓட்டம் 45 மில்லிமீற்றர் உள்ள 99.3 சீசீ எஞ்சினுக்கு முதல் ஓவர்சைஸ் போட்டாலே 100.2 ஆகிவிடும். இதற்காக யாரும் வேர்ணியர் அளவுகோல் கொண்டு வந்து மறிப்பதில்லை.

புகைப் பரிசோதனைக்கு முதல்

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைச் சான்றிதழ் வேண்டும். பெற்றோல் மோட்டார் சைக்கிளை ஐடிலில் (திறொட்டில் பிடிக்காமல்) ஓடவிட்டு, சைலன்சருக்குள் குழாய் விட்டு, காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளப்பார்கள். இரண்டும் வேறு வேறு நோய்களைக் காட்டும். காபனோரொட்சைட்டு கூடினால் பெற்றோல் அளவுக்கு மிஞ்சி எரிகிறது. ஐதரோகாபன் கூடினால் பெற்றோல் எரியாமலே வெளியே போகிறது, அல்லது ஒயில் எரிகிறது. தேறாவிட்டால் அறிக்கையைத் தூக்கி எறியாதீர்கள். எங்கே கைவைப்பது என்று அந்த இரண்டு எண்களும் சொல்லும்.

வன்னியில் முதல் எதிரி கிரவல் தூசி. ஒட்டுசுட்டான் பக்கத்து உள்வீதிகளில் கோடை காலத்தில் ஓடுகிற வண்டிக்குக் கைநூல் சொல்லும் இடைவெளியில் பாதியிலேயே எயார் பில்டரைப் பார்க்க வேண்டும். ஸ்பொஞ் என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, முறுக்காமல் பிழிந்து, காயவிட்டு, சுத்தமான ஒயிலில் நனைத்து மிச்ச ஒயிலைப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். கடதாசி என்றால் கழுவக்கூடாது. உள்ளிருந்து வெளியே காற்றடிக்கலாம், கறுத்துப்போனால் புதிது. பில்டர் அடைத்த வண்டிக்குக் காபுரேற்றரை எவ்வளவு திருப்பினாலும் எண் இறங்காது.

அடுத்தது பிளக். கறுப்புக் கரி காய்ந்து படிந்திருந்தால் பெற்றோல் கூட. ஈரமாக ஒயில் பிசுபிசுத்தால் றிங் அல்லது வால்வ் சீல். நெடுநேரம் நிறுத்தி வைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப் புகை வந்து நின்றால் சீல், திறொட்டில் பிடிக்கும்போதெல்லாம் வந்தால் றிங். எம்.டி. 90 வகைக்குப் பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். வால்வ் இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05. வால்வ் இறுகிப்போனால் காலையில் கிக்கர் லேசாகப் போகும், ஸ்டார்ட் பிடிக்காது, ஐதரோகாபன் ஏறும். மற்ற வண்டிகளுக்கு அவரவர் கைநூலைப் பாருங்கள்.

இவை சரியான பிறகுதான் ஸ்குரு டிரைவர். வண்டியைப் பத்து நிமிடமாவது ஓட்டிச் சூடாக்குங்கள், சோக் போட்டிருக்கக் கூடாது. காபுரேற்றரின் கலவை ஸ்குரு எந்தப் பக்கம் என்று பாருங்கள். பில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்குரு: வெளியே திருப்பக் கலவை மெலியும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோல் ஸ்குரு: வெளியே திருப்பப் பெற்றோல் கூடும். இது தெரியாமல் திருப்பி, தேறவேண்டிய வண்டியைத் தோற்கடித்தவர்கள் நிறையப் பேர்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, சுற்றுகளை எண்ணிக்கொண்டே ஸ்குருவை மெதுவாக உள்ளே விடுங்கள். அடியில் முட்டியதும் நிறுத்த வேண்டும், இறுக்கினால் ஸ்குருவின் கூர் அது முட்டும் துளையைக் கீறிவிடும், பிறகு எந்த நிலையிலும் ஐடில் நிற்காது. எண்ணிக்கையை எழுதி வையுங்கள், குழம்பினால் திரும்பிப்போக அதுதான் வழி. ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் பண்ணி, இரு பக்கமும் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சில விநாடி பொறுக்க வேண்டும். சத்தம் அதிவேகமாகவும் சீராகவும் வரும் இடமே சரியான இடம். பிறகு ஐடில் ஸ்குருவால் நிமிடத்துக்கு 1400 சுற்று என்ற அளவுக்கு இறக்குங்கள். மீற்றர் இல்லாத வண்டியில் ஹெட்லைற்றைப் போட்டாலும் நூராமல் நிற்கிற மெதுவான நிலை போதும். கலவையை மேலும் மெலித்தால் இன்னும் நல்லதென்று நினைக்கவேண்டாம். எஞ்சின் தடுமாறத் தொடங்கினால் ஐதரோகாபன் பாய்ந்து ஏறும்.

சைலன்சர் மூட்டில் ஒழுக்கிருந்தால் அளவே பிழைக்கும். ஸ்டார்ட் பண்ணி, வாயைத் துணியால் ஒரு கணம் பொத்தினால் ஒழுகும் இடத்தில் "ஸ்ஸ்" என்று கேட்கும். எஞ்சின் தலையோடு சேரும் கஸ்கற்றை மாற்றினாலே பெரும்பாலும் தீரும். மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கத்தையும் விடுங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடினோம் என்பது உண்மைதான், ஆனால் அன்று யாரும் சைலன்சருக்குள் குழாய் விடவில்லை. இன்ஜெக்சன் வண்டிகளுக்குத் திருப்ப ஸ்குரு இல்லை: பில்டர், பிளக், நல்ல பற்றறி, அவ்வளவுதான்.

வெளிச்சம், சத்தம், இலக்கத்தகடு

2025 தை மாதம் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தோடு பஸ், ஆட்டோக்களின் மேலதிகச் சோடனைகளைக் கழற்றப் பொலிசார் இறங்கினார்கள். மோட்டார் சைக்கிளிலும் முதலில் கண்ணில் படுவது உள்தடுப்பை வெட்டிய சைலன்சர், பல்லிளிக்கும் எல்ஈடி, கழற்றிய சைட் கண்ணாடி. இலக்கத்தகட்டை வளைப்பதும், சொந்த எழுத்தில் புதிதாக அடிப்பதும் கூடாது. ஒரிஜினல் பாகங்களைக் கழற்றினால் எறியாமல் வையுங்கள்.

புத்தகம் இல்லாத வண்டி

2009இல் போரின் முடிவில் விட்டுவிட்டு வந்து பிறகு எடுத்த வண்டிகளில் புத்தகம் தொலைந்தவை இன்னும் உண்டு. பதிவு உரிமையாளர் பொலிசில் முறைப்பாடு பதிந்து, அந்தப் பிரதியோடு திணைக்களத்தில் இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். கைமாறி வந்த வண்டியென்றால் முதலில் உரிமை மாற்றம் ஆகவேண்டும். கைமாறி 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அப்படிப்பட்ட வண்டியை வாங்குவதாக இருந்தால், எஞ்சினைத் திறக்கமுன் சேசி இலக்கத்தில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழவில்லையென்றால், அல்லது அந்த இடத்தில் ஒட்டு அடித்த மேடு தட்டுப்பட்டால், அந்த வண்டிக்கு ஒரு பிளக்கும் வாங்கவேண்டாம்.