சீம்பாலுக்குள் ஓர் இரும்புப்பிடி

பாம்பனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சேனை வச்ச பிறகுதான் பால் குடுக்கணும், முதல்ல வர்ற மஞ்சப்பாலைப் பீய்ச்சிக் கொட்டிரணும்னு மாமியார் சொல்றாங்க. அந்தப் பால்ல அப்படி என்னதான் இருக்கு?"

நிறைய இருக்கிறது. எதிர்ப்பொருள்களைப் பற்றிப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள், அதை விடுங்கள். எனக்குப் பிடித்தது லாக்டோஃபெரின். 1939இல் டென்மார்க்கில் பசும்பாலில் சிவப்பாக ஒரு புரதம் இருக்கிறது என்று கண்டார்களே, அதுதான். கண்ணீர், எச்சில், மூக்குச்சளி எல்லாவற்றிலும் உண்டு. சீம்பாலில் லிட்டருக்கு 5 கிராமுக்கு மேல்கூட இருக்கும்.

பாக்டீரியா பெருக வேண்டுமானால் இரும்பு வேண்டும். அதைக் கிடைக்கவிடாமல் செய்வதே லாக்டோஃபெரினின் வேலை. இந்தப் புரதத்தின் அமினோ அமிலச் சங்கிலி இரண்டு மடல்களாக மடிந்திருக்கும். மடலுக்கு ஒரு பிளவு. முதலில் ஒரு கார்பனேட் அயனி பிளவுக்குள் போய் உட்காரும். அது இல்லாவிட்டால் இரும்பு சரியாகப் பிடிபடாது. அப்புறம் இரும்பு வரும். கார்பனேட்டும் நான்கு அமினோ அமிலங்களும் சேர்ந்து அதைச் சூழ்ந்துகொள்ள, பிளவு நண்டுக் கொடுக்கு மாதிரி மூடிவிடும். அந்தச் சிவப்பு, இப்படிச் சிக்கிய இரும்பின் நிறம்தான்.

இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினும் இதே குடும்பம். ஆனால் பி.எச். (இது இறங்க இறங்க அமிலம் கூடும்) 5.5 வாக்கில் இறங்கினாலே அது இரும்பை விட்டுவிடும். லாக்டோஃபெரின் 4 வரைக்கும்கூட விடாது. இது ஏன் முக்கியம்? உங்கள் பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் கடலில் இறங்குகிறார்கள். அப்படியும் பாறை கிழித்துவிடுகிறது. புண் சீழ் வைத்தால் அந்த இடம் அமிலமாகும். அங்கே ஓடிவரும் வெள்ளையணுக்கள் சேமித்து வைத்திருக்கும் லாக்டோஃபெரினைக் கொட்டுகின்றன. டிரான்ஸ்ஃபெரின் கைவிடும் இடத்திலும் இது பிடியைத் தளர்த்தாது!

பாக்டீரியா மட்டும் சும்மா இருக்குமா? சிடெரோஃபோர் என்ற சிறு மூலக்கூறுகளை அனுப்பி இரும்பைப் பறிக்கப் பார்க்கும். அவற்றில் சிலவற்றை மடக்க நம் உடம்பில் வேறொரு புரதம் இருக்கிறது, அது தனிக்கதை. வயிற்றில் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் லாக்டோஃபெரினை வெட்டினாலும் நஷ்டமில்லை. அதில் பிரியும் ஒரு துண்டு பாக்டீரியாவின் உறையையே கிழிக்கும்.

இதைப் படித்துவிட்டு லாக்டோஃபெரின் பவுடர் வாங்க ஓடாதீர்கள். பிரிட்டனில் 2,203 குறைமாதக் குழந்தைகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், பசும்பால் லாக்டோஃபெரினைத் தனியாகக் கொடுத்ததால் தொற்று குறையவில்லை. சீம்பாலில் அது தனியாக வருவதில்லையே.

சேனையில் இதெல்லாம் எதுவும் கிடையாது. தொட்டு வைக்கிற விரலின் கிருமிதான் மிச்சம். சங்கில் கழுதைப்பால் ஊற்றினாலும் கிருமி உள்ளே போகலாம். மாமியாரோடு சண்டை வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட்டுவிடுங்கள்.