கவர்வழித் தொடர்: சொல் விளக்கம்

மனம் மொழியை எவ்வாறு கையாள்கிறது என்று ஆராயும் உளமொழியியலில் ‘கார்டன் பாத் சென்டென்ஸ்’ என்று வழங்கும் கலைச்சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தோட்டப்பாதை வாக்கியம்’ என்றாகும். அது தமிழில் எப்பொருளையும் தராது. ஒருவரை நம்பவைத்து ஏமாற்றுவதைத் தோட்டப் பாதையில் அழைத்துச் செல்வதாகக் கூறும் ஆங்கில மரபுத்தொடரிலிருந்து பிறந்தது இச்சொல். இலக்கணப் பிழை சிறிதும் இல்லாமல், படிப்பவரை முதலில் ஒரு பொருளைக் கொள்ளச் செய்து, பின்னர் அதைக் கைவிட வைக்கும் தொடரை இது குறிக்கும். உளமொழியியலாளர் தாமஸ் பீவர் 1970இல் காட்டிய ‘தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்’ என்பதே இதற்குப் பெயர்பெற்ற சான்று. ‘களஞ்சியத்தைக் கடந்து ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது’ என்பது இதன் பொருள்; ஆனால் ‘ஃபெல்’ வரும்வரை ‘குதிரை ஓடியது’ என்றே கொள்வோம்.

தமிழிலும் இத்தகைய தொடர்கள் உண்டு. ‘அண்ணன் தம்பியை அடித்த’ என்பது வரை படித்தவுடன், அடித்தவன் அண்ணனே என்று மனம் கொண்டுவிடுகிறது. அடுத்து ‘கோல் முறிந்தது’ என்று வந்தால் அம்முடிவு நிலைக்கும். ‘பையனைத் தேடினான்’ என்று வந்தாலோ, அடித்தவன் பையன், தேடியவன் அண்ணன் என்று அனைத்தையும் கலைத்து மறுபடி அடுக்க வேண்டியிருக்கிறது. வினைமுற்று இறுதியில் வரும் மொழியாயிற்றே, மூளை அதுவரை பொறுத்திருக்கலாமே என்று தோன்றும். அது பொறுத்திருப்பதில்லை, சொல் வரவரப் பொருளைக் கட்டிக்கொண்டே போகிறது.

இம்மறு அடுக்கலுக்குப் புறச்சான்றும் உண்டு. லின் ஃபிரேசியர், கீத் ரேனர் ஆகியோர் 1982இல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வில், முதற்பொருள் பொய்க்கும் இடத்தில் படிப்பவர் கண்கள் நெடுநேரம் நின்றன. சில வேளை முன்சொற்களுக்குத் திரும்பின. முதற்பொருளைப் பொய்யாக்கும் சொல்லைக் கண்டபின் ஏறத்தாழ 600 மில்லிநொடியில் மூளையின் மின்னலையில் தோன்றும் எழுச்சியைப் ‘பி600’ என்பர்.

இதற்கு நேரான தமிழ்ச்சொல் எது? இரு பொருள் படும்படி நிற்பதைக் குறிக்கும் ‘கவர்பொருள்’ நம் இலக்கண மரபில் உள்ளதே. தண்டியலங்காரம் ‘கவர்படு பொருண்மொழி’யைக் குற்றங்களுள் ஒன்றாக வைக்கிறது. ஆயினும், கவர்பொருளில் இரு பொருளும் இறுதிவரை நிற்கும். இங்கோ, முடிவில் நிற்பது ஒன்றே. ஆகவே அதை அப்படியே எடுத்தாள்வது பொருந்தாது. ‘கவர்’ என்பதற்குக் கிளைத்தல், பிரிதல் என்று பொருள். சங்க இலக்கியத்தில் பிரியும் வழிக்குக் ‘கவலை’ என்றே பெயர். வழியும் பிரிவும் தமிழிலேயே இவ்வாறு இணைந்திருக்க, ‘கவர்வழித் தொடர்’ என்பதே தகும் என்று கருதுகிறேன்.

மேற்காட்டிய தொடரில் ‘அண்ணன்’ என்பதற்குப்பின் ஒரு காற்புள்ளி இட்டுப் படித்துப் பாருங்கள்: ‘அண்ணன், தம்பியை அடித்த பையனைத் தேடினான்.’ எப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது முன்பே தெரிந்துவிடுகிறது.