பீரோவுக்குப் பின்னாடி நாலு விரக்கடை

போன கார்த்திகைல ஒரு நாள் பீரோவ நகர்த்தினப்பதான் பார்த்தேன். கும்பகோணத்துல எங்க வீடு ரெண்டாவது மாடி, 520 சதுர அடி, ஒரு ஹால், ஒரு பெட்ரூம், கிச்சன், அவ்வளவுதான். நடக்கறதுக்கு இடம் வேணுமேன்னு பீரோவ சுவத்தோட சுவரா ஒட்டி வெச்சிருந்தோம். நகர்த்தினா சுவத்துல இன்னொரு பீரோ நிக்குது! சாம்பலும் பச்சையுமா பூசணம், ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி பீரோ எவ்வளவு உசரமோ எவ்வளவு அகலமோ அதே அளவுக்கு. அதுலேர்ந்து அரை அடி தள்ளிப் பார்த்தா சுவர் பளிச்சுன்னு இருக்கு. அதே சுவர், அதே பெயிண்ட், வெளில பெய்யறதும் அதே மழைதான். பீரோவத் தொறந்தா கீழ்த்தட்டுல அம்மாவோட திருபுவனம் பட்டு, மடிப்பு ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளி.

எல்லாரும் சொன்னது, "மேல டேங்க் லீக்காகுது, சுவத்துல ஓதம் இறங்குது"ன்னுதான். ஆனா லீக்கா இருந்தா கறை மேலேர்ந்து வழிஞ்சு வரும், இல்லன்னா மூலைலேர்ந்து பரவும், அதுக்கு பீரோவோட உருவம் எப்படி வரும்? அந்த ஒரு கேள்விதான் என்னைப் புடிச்சு உக்கார வெச்சுது. விஷயம் என்னன்னா, தண்ணி வெளிலேர்ந்து வரலை, வீட்டுக்குள்ள இருக்கற காத்துலேர்ந்துதான் வந்துது.

காத்து எவ்வளவு தண்ணியத் தாங்கும்னு ஒரு கணக்கு இருக்கு, அது சூட்டைப் பொறுத்தது. 30 டிகிரில ஒரு கன மீட்டர் காத்துல அதிகபட்சம் 30 கிராம் நீராவி நிக்கும், 26 டிகிரில 24 கிராம் சொச்சம், 20 டிகிரில 17 கிராம்தான். சூடு இறங்க இறங்க இடம் குறையும். இப்ப நம்ம ஊர் பெட்ரூம் ஒண்ண எடுத்துக்கங்க, பத்துக்குப் பத்து, உசரமும் பத்தடி, 28 கன மீட்டர் வரும். ஐப்பசி கார்த்திகை அடைமழைல 26 டிகிரின்னு வெச்சா அந்த ரூம் காத்து மொத்தமாத் தாங்கறது ஏறக்குறைய 680 கிராம் தண்ணி. அதுல ஈரப்பதம் 85 சதவீதம்னா 580 கிராம் ஏற்கனவே உள்ள இருக்கு. மிச்சம் 100 கிராம், அதாவது அரை டம்ளர் காபி அளவு, அதுக்கு மேல அந்த ரூம்ல இடமே கிடையாது!

இப்ப நாம அதுக்குள்ள என்னல்லாம் கொட்டறோம்னு பாருங்க. தூங்கற ஒரு ஆள் மூச்சுலயும் தோல்லயுமா மணிக்கு 40 கிராம் வாக்குல விடுவாங்க, ரெண்டு பேர் எட்டு மணி நேரம் கதவ சாத்திட்டுப் படுத்தா 640 கிராம். மழைல காயலையேன்னு வாஷிங் மெஷின்லேர்ந்து எடுத்த துணிய ரூம்ல கொடி கட்டிப் போட்டா அதுலேர்ந்து ரெண்டு லிட்டர் வாக்குல காத்துக்குதான் போகுது. சோறு வடிக்கற ஆவி தனி. எனக்கே ரொம்ப ஆச்சரியமா இருந்தது கேஸ் அடுப்புதான், அடுப்பு எரிஞ்சா சூடு வரும், தண்ணி எப்படி வரும்னு நினைப்போம், ஆனா கேஸ்ல இருக்கற ஹைட்ரஜன் காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து எரிஞ்சா வர்றது தண்ணிதான். ஆக்சிஜனோட எடையும் சேர்றதால ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரை கிலோவுக்கு மேலயே தண்ணி வரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு தீர்றதுக்குள்ள சுமார் 22 லிட்டர், ஒண்ணரைக் குடம் தண்ணி, கண்ணுக்குத் தெரியாம கிச்சன்ல கரைஞ்சிருக்கும்.

அவ்வளவும் எங்க போகும்? கொஞ்சம் கதவு ஜன்னல் இடுக்கு வழியா வெளில போகும், மிச்சத்த சுவர், மெத்தை, துணி, புத்தகம், ப்ளைவுட்டு எல்லாம் குடிச்சுக்கும். பெரிய வீட்டுல இது பரவலா நடக்கும், தெரியாது. சின்ன ஃப்ளாட்ல அதே நாலு பேர், அதே சிலிண்டர், அதே துணி, காத்து மட்டும் கால்வாசி.

சரி, பீரோ உருவம் எப்படி வந்துது? ரூமோட காத்து சுவத்துல பட்டுக்கிட்டே இருந்தா சுவரும் ஏறக்குறைய ரூம் சூட்டுலயே இருக்கும். பீரோவ ஒட்டி வெச்சா அந்தச் சூடு அங்க போகாது, அதுவும் மழைல நனையற வெளிச்சுவரா இருந்தா பின்னாடி ரெண்டு மூணு டிகிரி குறைஞ்சிடும். ரெண்டு டிகிரி பெரிசான்னு கேக்கலாம். ரூம்ல 27 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னு வெச்சுக்கங்க, அதே காத்து 25 டிகிரி சுவத்துகிட்ட போனா அங்க 90 சதவீதம், 24 டிகிரின்னா 95. தண்ணி ஒரு சொட்டு கூடல, சூடு குறைஞ்சதால இடம் குறைஞ்சு போச்சு, அதான். அங்க வேற காத்தாட்டமே இல்லைங்கறதால ஒட்டுன ஈரம் காயறதுக்கும் வழியில்ல.

பூசணத்துக்கு சொட்டச் சொட்டத் தண்ணி தேவையில்லை. அதோட வித்துகள் எல்லா வீட்டுக் காத்துலயும் எப்பவும் மிதந்துக்கிட்டுதான் இருக்கு, ஒரு பரப்புக்குப் பக்கத்துல ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து நின்னாலே முளைக்க ஆரம்பிச்சிடும். சாப்பாடு? பெயிண்ட்ல இருக்கற பசை, மேல படிஞ்ச தூசி, ப்ளைவுட், பேப்பர், கஞ்சி போட்ட வேட்டி. ஆமா, கஞ்சி. பீரோவுல முதல்ல பூசணம் புடிக்கறது கஞ்சி போட்டு மடிச்ச காட்டன்தான், அது அதுக்கு சோறு. அதனால மழைக்காலத்துக்குன்னு மடிச்சு உள்ள வெக்கற காட்டன் புடவைக்கும் வேட்டிக்கும் இப்பல்லாம் கஞ்சி போடறதில்ல, கட்டறப்பதான் போடறோம்.

இதுக்கெல்லாம் அந்துருண்டை போட்டா போதும்னு எங்க அத்தை சொல்வாங்க. அந்துருண்டை கரைஞ்சு வாயுவா மாறி பூச்சியத் துரத்தும், சரி, ஆனா ஈரத்த அது ஒண்ணும் பண்ணாது. கடைல விக்கற ஈரம் உறிஞ்சற டப்பா உண்மையிலேயே உறிஞ்சும், மூடின சின்ன பெட்டிக்குள்ள நல்லா வேலை செய்யும், ஆனா ஜன்னல் கதவு இருக்கற ரூமுக்கு அதை வெக்கறது ஆத்துத் தண்ணிய டபராவால இறைக்கற வேலை.

வேலை செய்யறது காத்து. பீரோவ சுவத்துலேர்ந்து நாலு விரக்கடை தள்ளி வெச்சா, மூணு இஞ்ச் வரும், பின்னாடி ஒரு சந்து மாதிரி ஆயிடும். கீழ நாலு கால் இருந்து அடில இடைவெளி இருந்தா இன்னும் நல்லது, கீழ புகுந்த காத்து மேல வழியா வெளில போகும், சுவரும் ரூம் சூட்டுக்கு வந்துடும். எங்க தாத்தா வீட்டுக் கூடத்துல நெல் கொட்டற பத்தாயம் இருந்துது, தேக்குப் பலகைல ஆள் உசரத்துக்கு, அதுவும் கால் வெச்சுதான் நின்னுது, சுவத்தையும் தொடாது. சின்ன வயசுல அந்த சந்துல ஒளிஞ்சு விளையாடியிருக்கோம், எலிக்காகத்தான் அப்படி வெச்சிருக்காங்கன்னு நினைச்சிருந்தேன், நெல்லுக்கு ஓதம் ஏறாம இருக்கவும் அதுதான் வழின்னு இப்பதான் புரியுது.

அந்த வீட்டுல வாசல்ல நின்னு பார்த்தா ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம் தாண்டி கொல்லைக் கதவு நேரா தெரியும். காத்து ஒரு பக்கம் சுவத்துல மோதினா அங்க அழுத்தம் கூடும், எதிர்ப்பக்கம் குறையும், ரெண்டு பக்கமும் திறப்பு இருந்தா அந்த வித்தியாசமே காத்த உள்ள இழுத்து வெளில தள்ளும். ஒரே ஜன்னல் மட்டும் இருக்கற ரூம்ல எவ்வளவு பெரிய ஜன்னலா இருந்தாலும் இது நடக்காது, உள்ள போன காத்துக்கு வழி வேணுமில்ல. நடுவுல முற்றம் வேற, சூடான காத்து மேல போகும், ஈரக் காத்தும் மேலதான் போகும். ஈரக் காத்து கனமா இருக்கும்னுதான் நமக்குத் தோணும், உண்மைல தண்ணி மூலக்கூறோட எடை 18, காத்தோட சராசரி 29, அதனால ஒரே சூட்டுல ஈரக் காத்துதான் லேசு. ஃப்ளாட்ல நமக்கு முற்றம் கிடையாது, அதுக்கு பதிலா இருக்கறது சீலிங்குகிட்ட இருக்கற வெண்டிலேட்டர், அதைத்தான் நாம கொசுன்னு பேப்பர் வெச்சு அடைக்கறோம், இல்ல பரண்ல கொலு பொம்மைப் பெட்டிய அடுக்கி மறைக்கறோம். வலை அடிச்சுட்டுத் தொறந்து விடுங்க, தயவுசெஞ்சு!

வீடு அடுக்கறப்ப நான் இப்ப முதல்ல பாக்கறது அழகை இல்ல, காத்து எந்தப் பக்கம் நுழைஞ்சு எந்தப் பக்கம் போகுதுன்னுதான். நம்ம பக்கம் ஆடில மேல்காத்து, மேற்குலேர்ந்து அடிச்சுக்கிட்டு வரும், மழையும் அப்ப நமக்குக் குறைச்சல், வருஷத்துல வீட்டக் காய வெக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. மெத்தை, பாய், பட்டு, புத்தகம் எல்லாத்தையும் அப்ப பிரிச்சுப் போடணும், பட்ட மட்டும் நிழல்ல. ஐப்பசி வந்தா வடகிழக்குலேர்ந்து கடல் ஈரத்த அள்ளிக்கிட்டு வரும். வடக்குக் காத்து வாடை, தெக்கு தென்றல், கிழக்கு கொண்டல், மேற்கு கோடைன்னு திசைக்கு ஒரு பேர் வெச்ச பாஷை நம்மளுது, வீடு கட்டறவங்களுக்கு அது தேவையா இருந்துருக்கு. ஃப்ளாட்ல நாம பண்ண முடிஞ்சது, பால்கனிக் கதவுக்கும் கிச்சன் ஜன்னலுக்கும் நடுவுல இருக்கற கோட்டுல உசரமான சாமான் எதையும் வெக்காம இருக்கறது. எங்க வீட்டுல அந்தக் கோட்டுல டிவி யூனிட் நின்னுது, நகர்த்திட்டு அங்க கணுக்கால் உசரத்துக்கு மணை போட்டோம், ஹாலும் பெரிசாத் தெரியுது.

மழை பெய்யறப்ப ஜன்னல சாத்தணுமா? சாரல் அடிக்கற பக்கம் சாத்துங்க, மத்தது வேண்டாம். வெளில 25 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம்னு வெச்சா ஒரு கன மீட்டர்ல 22 கிராம் தண்ணி. உள்ள சமைச்சு, துணி போட்டு, 28 டிகிரி 90 சதவீதம்னா 24 கிராமுக்கு மேல. மழைல நிக்கற காத்துலதான் தண்ணி கம்மி! அது உள்ள வந்து 28 டிகிரிக்கு சூடானா 80 சதவீதமா இறங்கிடும். இது ராத்திரி பகல் மாறும், வெளில புழுக்கமா வெயில் அடிக்கறப்ப குளுந்த தரைல தண்ணி வேர்க்கறதும் இதே கணக்குதான், அப்ப சாத்தறது சரி. முந்நூறு நாநூறு ரூபாய்க்கு ஈரப்பத மீட்டர் கிடைக்குது, ஒண்ணு ஹால்ல, ஒண்ணு பீரோ பின்னாடி வெச்சுப் பாருங்க, எங்க வீட்டுல பீரோவ தள்ளி வெக்கறதுக்கு முன்னாடி ரெண்டுக்கும் நல்ல வித்தியாசம் காட்டிக்கிட்டு இருந்துது, தள்ளி வெச்ச பிறகு ஏறக்குறைய ஒண்ணாவே காட்டுது.

எக்ஸாஸ்ட் ஃபேன் பத்தி ஒண்ணு. அது போடறப்ப பக்கத்து ஜன்னல தொறந்தா, ஜன்னல் வழியா வந்த காத்தே நேரா ஃபேன் வழியாப் போயிடும், ரூம் ஈரம் அப்படியே இருக்கும். தூரத்துல இருக்கற ஜன்னல தொறக்கணும், பாத்ரூம்னா கதவுக்கு அடில ஒரு இஞ்ச் இடுக்கு வேணும். மழைநாள் துணிய இப்ப நாங்க பாத்ரூம்லதான் கொடி கட்டிப் போடறோம், கதவ சாத்தி எக்ஸாஸ்ட் ஓட விட்டு. சீலிங் ஃபேன் துணிய சீக்கிரம் காய வெக்கும், ஆனா அந்தத் தண்ணி ரூமுக்குள்ளயேதான் சுத்தும்.

ஏசி இருக்கற வீட்டுல இன்னொண்ணு கவனிக்கணும். பெட்ரூம 20 டிகிரில வெச்சா அந்த சுவத்தோட ஹால் பக்கமும் குளுந்துடும், 28 டிகிரி 85 சதவீதம் இருக்கற ஹால் காத்து 25 டிகிரிக்கு இறங்கினாலே தண்ணியா மாறும், அந்த சுவத்துல புத்தக ஷெல்ஃப ஒட்டி வெச்சா பின் அட்டைலேர்ந்து பூசணம் ஆரம்பிக்கும். கீழ் அறை இருக்கற கட்டிலும் அப்படித்தான், ப்ளைவுட் பெட்டி, மேல மெத்தை, மூச்சு விட வழியே கிடையாது. அதுல எதையாவது வெச்சே ஆகணும்னா ஸ்டீல் பாத்திரம் வைங்க, பட்டும் ஆல்பமும் வேண்டாம்.

சுவர் நிறத்துக்கு வெள்ளைய ஒட்டினதா அடிச்சா வெளிச்சம் கூடும், அது எல்லாருக்கும் தெரியும். பழைய வீட்டுல பொங்கலுக்குப் பொங்கல் அடிச்ச சுண்ணாம்பு அதுக்கு மேலயும் ஒண்ணு பண்ணுச்சு. புது சுண்ணாம்போட காரத்தன்மை அளவு (pH) 12க்கு மேல, அதுல பூசணம் முளைக்க முடியாது, காத்துல இருக்கற கரியமில வாயுவ இழுத்து மெல்ல மெல்லக் கல்லா மாறும், அப்பவும் ஈரத்த வாங்கி காய்ஞ்ச நாள்ல திருப்பிக் குடுக்கும். இப்ப அடிக்கற பிளாஸ்டிக் எமல்ஷன் சுவத்தோட வாய அடைக்குது, உள்ள இருந்த ஈரம் வெளில வரப் பார்த்தா பெயிண்ட் உப்பி வரும்.

பூசணம் வந்துட்டா காஞ்ச துணியால தட்டாதீங்க, வித்து வீடு பூரா பறக்கும், வீசிங் இருக்கறவங்களுக்கு ஆகாது. மாஸ்க் போட்டுட்டு சோப்புத் தண்ணி நனைச்ச துணியால துடைச்சு, ஃபேன் வெச்சு நல்லாக் காய விடணும். பட்டுல வந்தத நாங்க தொடல, பட்டுக்குன்னே பாக்கறவங்ககிட்ட குடுத்தோம், மூணு புள்ளி மட்டும் போகல. இப்ப அது மெல்லிசு காட்டன் துணில சுத்தி மேல்தட்டுல இருக்கு, பிளாஸ்டிக் கவர்ல இல்ல.

கிரகப்பிரவேசத்துக்கு வந்த தஞ்சாவூர்ப் படத்த வெளிச்சுவத்துல மாட்டியிருந்தோம், வாசல்லேர்ந்து பார்த்தா நேரா தெரியும்னு. பலகை, மேல துணி, அதுக்கு மேல சுண்ணப்பொடியும் பசையும், அதுல கல்லு, தங்க ரேக்கு, எல்லாம் ஈரம் பட்டா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவுக்கு உப்பிச் சுருங்கும், அப்படித்தான் ரேக்கு விரிசல் விடும். பீரோ நகர்ந்த அன்னிக்கே அதையும் கழட்டி ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுச்சுவத்துக்கு மாத்திட்டோம், பின்னாடி நாலு மூலைலயும் கார்க்குத் துண்டு ஒட்டி, சுவத்தத் தொடாம. வாசல்லேர்ந்து பார்த்தா இப்ப பாதி கிருஷ்ணன்தான் தெரியறார், முழுசாப் பாக்கணும்னா உள்ள வரணும்.