கடகடவென்று படிக்கிறாள், ஆனால் புரியவில்லை

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைக் கடகடவென்று உரக்கப் படித்துவிடுகிறாள். "சரி, இதுல என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறாள். கவனமில்லை என்று அவளைத் திட்டிப் பயனில்லை. 1986-இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள்: எழுத்துக்கூட்டும் திறனை மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிதல். பெருக்கல் என்பதால், ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான்.

தமிழில் எழுத்துக்கூட்டுவதே லேசான காரியமில்லை. 247 எழுத்தும் தெரிந்த பிள்ளைகூட 'ஆற்றங்கரையில்' என்ற இடத்தில் தடுக்கி நிற்கும். ஆறும் தெரியும், கரையும் தெரியும். இரண்டும் சேரும்போது 'று' என்பது 'ற்று' ஆகிறது, நடுவில் 'அம்' வேறு வந்து உட்கார்ந்துகொள்கிறது. கரும்பலகையில் ஆறு, ஆற்றில், ஆற்றங்கரை, ஆற்றங்கரையில் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் படிக்க வைக்கலாம். பிறகு கிணறு, சோறு, சேறு என்று கொடுத்தால் 'கிணற்றடி', 'சோற்றுப்பானை' எல்லாம் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நடுவில் வரும் இந்த 'அம்' போன்றவற்றுக்குச் சாரியை என்று பெயர் என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்தது சொற்பொருள். பாடத்தின் கடைசியில் உள்ள அருஞ்சொற்பொருளை ஐந்து முறை எழுதிவரச் சொல்வதில் கைவலிதான் மிச்சம் என்பேன். பார்த்து எழுதும்போது மூளைக்குத் தேடும் வேலையே இல்லை. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைப் படித்தபின், சிலர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களுக்கே நினைவு அதிகம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: அவர்களுக்கு 42 விழுக்காடு, நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56.

வகுப்பில் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. புத்தகத்தைத் திறக்கும் முன் போன வாரச் சொற்களில் இரண்டு மூன்றைக் கேட்டால் போதும். "செழிப்புன்னா என்ன?" என்பதோடு நிறுத்தாமல், "உங்க தெருவுல எது செழிப்பா இருக்கு?" என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு 'வளம்' என்று ஒப்பித்துவிடலாம். இரண்டாவதற்கு யோசித்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, பாடப்பொருளைப் பற்றி முன்பே ஏதாவது தெரிந்திருப்பது. 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், ஆட்டம் தெரியாத நல்ல வாசிப்பாளர்களைவிட அதிகம் நினைவு வைத்திருந்தார்கள்.

நம் ஊரிலும் இதே கதைதான். உப்பளம் பற்றிய பாடம் தூத்துக்குடிப் பிள்ளைக்குச் சுலபம். கொடைக்கானல் பிள்ளை 'பாத்தி' என்றதும் கேரட் விதைப்பதை நினைப்பாள். அங்கே பாடத்துக்கு இரண்டு நாள் முன்பே ஒரு தட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்துவிடலாம். தண்ணீர் வற்றித் தட்டில் உப்பு பூத்ததும், 'ஆவியாதல்', 'படிகம்' இரண்டையும் தட்டைக் காட்டியே சொல்லிவிட்டுப் பாடத்துக்குள் போகலாம்.