இரண்டு வாரத்துக்கு மட்டும் பணம்: அமெரிக்காவின் தற்காலிக நிதித் தீர்மானம்

அமெரிக்க மத்திய அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்குகிறது. அதற்குள் 12 செலவு மசோதாக்கள் நிறைவேற வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் நிறைவேறுவதில்லை. நாடாளுமன்றம் ஒதுக்காத பணத்தை அரசு அலுவலகங்கள் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால் ‘கன்டினியூயிங் ரெசல்யூஷன்’ என்ற தற்காலிகத் தீர்மானம் வருகிறது. குறிப்பிட்ட தேதிவரை, பொதுவாகப் பழைய அளவிலேயே செலவு நடக்கும். புதுத் திட்டங்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

சில சமயம் இந்தத் தீர்மானத்தோடு செலவுக் குறைப்பும் சேர்ந்து வாக்கெடுப்புக்கு வரும். பழைய அளவிலேயே செலவு என்றால், குறைப்பு எங்கே வருகிறது? 2011-இல் நடந்ததைப் பார்த்தால் புரியும். அந்த பிப்ரவரியில் குடியரசுக் கட்சியினர் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் 6,100 கோடி டாலர் குறைக்கும் மசோதாவை நிறைவேற்றினார்கள். ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்த மேலவையான செனட் அதை ஏற்கவில்லை. அப்புறம் குடியரசுக் கட்சிச் சபாநாயகர் ஜான் பேனர் தரப்பு, குறைப்பைத் தவணையாகக் கேட்டது. இரண்டு வார நீட்டிப்புக்கு 400 கோடி டாலர் குறைப்பு. அடுத்த மூன்று வாரத்துக்கு 600 கோடி.

பிரதிநிதிகள் சபையில் முதல் தீர்மானத்துக்கு 335 பேர் ஆதரவு, 91 பேர் எதிர்ப்பு. இரண்டாவதில் ஆதரவு 271 ஆகச் சரிந்தது. பேனரின் கட்சியிலேயே 54 பேர் ‘இது போதாது’ என்று எதிர்த்து வாக்களித்தார்கள். ஜனநாயகக் கட்சியினர் 85 பேர் ஆதரித்ததால்தான் அது தேறியது.

ஆகவே ஓர் உறுப்பினர் இதை ஆதரித்தார் என்றால், குறைப்பை விரும்பினார் என்று மட்டும் பொருளில்லை. அலுவலகங்கள் மூடக் கூடாது என்பதற்காகவும் ஆதரித்திருக்கலாம். எவ்வளவு குறைகிறது, எந்தத் திட்டத்தில் குறைகிறது, எத்தனை நாளுக்கு என்ற மூன்றையும் பார்க்காமல் அவரைப் பாராட்டுவதும் தவறு, திட்டுவதும் தவறு என்பேன்.

அந்த ஆண்டு ஏப்ரல் 8 இரவு, கெடு முடியும் நேரத்தில்தான் இரு தரப்பும் உடன்பட்டன. நிதியாண்டில் பாதி அதற்குள் போய்விட்டது.

உடன்பாடு வராவிட்டால் அலுவலகங்கள் முடங்கும்; அடி விழுவது ஊழியர்களுக்குத்தான். 2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாள் நீடித்தது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமில்லாமல் பணிக்கு வந்தார்கள். முடக்கம் முடிந்ததும் அரசு ஊழியர்களுக்கு நிலுவைச் சம்பளம் தர வேண்டும் என்று 2019-இல் சட்டம் வந்தது. அதே கட்டடங்களில் ஒப்பந்த நிறுவனங்கள் வழியாகத் துப்புரவும் காவலும் பார்ப்பவர்களை அந்தச் சட்டம் சேர்க்கவில்லை.