படத்தைக் கையில் கொடுத்தால் பேச்சு நின்றுவிடுமா?

போன வாரம் ஒரு அம்மா கேட்டிருந்தார். மூன்றரை வயது மகனுக்கு ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள், இன்னும் பேச்சு வரவில்லை, தெரபிஸ்ட் பட அட்டையில் பழக்கச் சொல்கிறார், மாமியாரோ "படத்தைக் கையில குடுத்துட்டா அப்புறம் வாயே திறக்க மாட்டான்" என்கிறார், நான் யார் பேச்சைக் கேட்பது?

தெரபிஸ்ட் பேச்சைக் கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஆட்டிசம் நோய் அல்ல, மூளை வளர்கிற விதமே வேறு. அதைப் போக்கும் மருந்து கிடையாது. ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் மாதிரி மருந்துகள் எல்லாம் கடுமையான எரிச்சலுக்கும் தன்னையே அடித்துக்கொள்வதற்கும் தருவது, பேச்சு வருவதற்கு அல்ல. மற்றபடி பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, வீட்டையும் பள்ளியையும் பிள்ளைக்கு ஏற்ப மாற்றுவது, இவைதான். சரி, அட்டைக்கு வருவோம்.

1985-ல் அமெரிக்காவின் டெலாவேரில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் 'பெக்ஸ்' (PECS) என்ற, படத்தைக் கொடுத்துக் கேட்கும் முறையை உருவாக்கினார்கள். அதற்கு முன்பும் படங்கள் இருந்தன, பிள்ளை படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஆனால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒரு பிள்ளை பிஸ்கட் படத்தைத் தட்டினால் அது கேட்பதா, சும்மா தட்டுவதா? கேட்பது என்றால் எதிரில் ஓர் ஆள் வேண்டும். அதனால் தொடுவதை விட்டுவிட்டு, அட்டையை எடுத்து ஒருவர் கையில் கொடுப்பது என்று மாற்றினார்கள். கொடுக்க வேண்டுமானால் ஆளைத் தேடிப் போகவேண்டும் இல்லையா, எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

ஆரம்பத்தில் இரண்டு பெரியவர்கள் தேவை. ஒருவர் பிள்ளைக்குப் பிடித்த ஒன்றோடு, முறுக்கு என்று வைத்துக்கொள்வோம், எதிரில் உட்காருவார், "என்ன வேணும்?" என்று கேட்கவே கூடாது, கேட்டால் பிள்ளை ஒவ்வொரு முறையும் கேள்விக்காகக் காத்திருக்கப் பழகிவிடும். இன்னொருவர் பிள்ளைக்குப் பின்னால், வாயைத் திறக்காமல். முறுக்கை நோக்கிப் பிள்ளையின் கை நீளும்போது பின்னால் இருப்பவர் அந்தக் கையைப் பிடித்து அட்டையை எடுக்க வைத்து, எதிரில் இருப்பவர் உள்ளங்கையில் விட வைப்பார். அட்டை விழுந்த நொடியே "முறுக்கு!" என்று சொல்லி முறுக்கைக் கொடுத்துவிட வேண்டும். பின்னால் இருக்கும் உதவியைக் கடைசிப் படியிலிருந்து குறைப்பார்கள்: முதலில் கையில் விடுவதைப் பிள்ளையே செய்யட்டும், அப்புறம் நீட்டுவதை, அப்புறம் எடுப்பதை. கடைசியில் பின்னால் ஆளே வேண்டாம். உதவியவர் பேசவே இல்லை என்பதால், தான் கேட்டது எதிரில் இருந்தவரிடம்தான் என்றே பிள்ளையின் மனதில் பதிகிறது.

அடுத்து அட்டையைத் தள்ளி வைப்பார்கள், பக்கத்து அறைக்குப் போய்க்கூடக் கொடுக்க வைப்பார்கள். பிறகு முறுக்கு அட்டையோடு சாக்ஸ் அட்டையையும் வைப்பார்கள், சாக்ஸைக் கொடுத்தால் சாக்ஸ்தான் கிடைக்கும், அப்போதுதான் படத்துக்கு அர்த்தம் உண்டு என்று புரிகிறது. அப்புறம் அட்டைகளை வரிசையாக ஒட்டி வாக்கியம். அதைப் பெரியவர் வாசிக்கும்போது "எனக்கு..." என்று சில நொடி நிறுத்துவார். அந்த இடைவெளியில் சில பிள்ளைகள் தாங்களே "முறுக்கு" என்பார்கள்!

இனி மாமியாரின் பயம். இப்படி மாற்று வழியில் பழகிய பிள்ளைகளைக் கவனித்த ஆய்வுகளில் அதனால் பேச்சு குறைந்ததாகத் தெரியவில்லை, பலருக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. எல்லோருக்கும் பேச்சு வரும் என்று சொல்ல மாட்டேன். வராதவர்களுக்கு அட்டையிலிருந்து டேப்லெட்டுக்குப் போகலாம், சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலி அதற்காகவே வந்தது.

நாக்கில் வசம்பு, கையில் தாயத்து, "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்ற ஆறுதல், இவற்றில் பறிபோவது காலம், அதுவும் இந்த வயதில். பணத்தையும் சேர்த்துப் பறிப்பது ஸ்டெம் செல் ஊசி. ஆட்டிசத்துக்கு அது வேண்டாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. 1990களின் கடைசியில் செக்ரெட்டின் என்ற குடல் ஹார்மோன் ஊசிக்கும் இப்படித்தான் பெற்றோர் ஓடினார்கள், 1999-ல் சோதித்தபோது வெறும் உப்புநீர் ஏற்றிய பிள்ளைகளும் அதே அளவு முன்னேறியிருந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்துகொண்டேதானே இருக்கிறார்கள். ஆட்டிச ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு தாலுகாவுக்கு ஒரு தெரபிஸ்டைப் பயிற்றுவிக்கப் போக வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் ஊரிலிருந்து தனியார் தெரபி தூரம் என்றால் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் கேளுங்கள். தெரபிஸ்டிடம் ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டு வீட்டில் தொடங்குங்கள். நீங்கள் மகனுக்குப் பின்னால் உட்காருங்கள், மாமியார் முறுக்கோடு எதிரில் உட்காரட்டும். முதல் அட்டை அவர் கைக்கே வரட்டும்.