வலையில் திமிங்கலம், கரையில் அம்பர்: காசிமேட்டுக்காரர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சட்டம்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை நம்பி வாழ்கிறவர்களுக்குத் திமிங்கலத்தால் சட்டச் சிக்கல் வருவது பெரும்பாலும் மூன்று வழிகளில். அம்பர்கிரிஸ் கைக்குக் கிடைப்பது, செத்த உடல் கரை ஒதுங்குவது, உயிரோடு வலையில் மாட்டுவது. செய்தித்தாளில் அடிக்கடி கைது என்று படிப்பது முதல் வகையைத்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அம்பர்கிரிஸ் என்பது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் மெழுகு மாதிரியான கட்டி. அது விழுங்கும் கணவாயின் கூரிய அலகு செரிக்காமல் தங்கும்போது அதைச் சுற்றி உருவாகிறது என்கிறார்கள். எல்லாத் திமிங்கலத்திலும் கிடைக்காது. வாசனைத் திரவியத்துக்குப் பயன்படுவதால் கோடிக்கணக்கில் விலை பேசுவார்கள். ஆனால் இந்தியாவில் ஸ்பெர்ம் திமிங்கலம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலி, யானை இருக்கும் அதே பட்டியலில், இருக்கிறது. அதனால் அம்பர்கிரிஸை வைத்திருந்தாலும் விற்றாலும் போலீசும் வனத்துறையும் வழக்குப் போடுகின்றன. முதல் அட்டவணைக் குற்றத்துக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. 2022-இல் சட்டத்தைத் திருத்தி 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தபோது குறைந்தபட்ச அபராதத்தை 10,000 ரூபாயிலிருந்து 25,000 ஆக்கினார்கள்.

"நான் வேட்டையாடவில்லையே, அலையில் அடித்து வந்ததைத்தானே எடுத்தேன்" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் 39-ஆவது பிரிவில் இருக்கிறது. வேட்டையாடப்பட்ட, செத்துக் கிடந்த, ஏன், தவறுதலாகக் கொல்லப்பட்ட வன உயிரும் அதன் பாகமும் அரசின் சொத்து. அது எந்த வழியில் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். எடுத்தவரைக் காப்பாற்றும் ஒரே வழி இந்த 48 மணி நேரம்தான். அதைத் தாண்டி வீட்டில் வைத்திருந்தால், சட்டவிரோதமாக வைத்திருக்கவில்லை என்று நிரூபிக்கிற பாரம் 57-ஆவது பிரிவின்படி உங்கள் தலையில் விழுகிறது. கடலில் கிடைக்கிற மர்மக் கட்டிக்கெல்லாம் விலை பேச ஒரு புரோக்கர் வருவார். நிஜமா, மெழுகு உருண்டையா என்பது அவருக்கே தெரியாது. மாட்டிக்கொண்டால் முதலில் காணாமல் போவதும் அவர்தான்.

படகு உரிமையாளர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குற்றத்துக்குப் பயன்படுத்திப் பறிமுதல் செய்யப்படும் வாகனமும் படகும் இதே 39-ஆவது பிரிவின்படி அரசின் சொத்தாகிவிடும். கடன் வாங்கிக் கட்டிய விசைப்படகை ஒரு கட்டிக்காக இழப்பதா?

செத்த திமிங்கலம் கரை ஒதுங்கினால் அதற்கும் இதே விதிதான். பல்லையோ எலும்பையோ வெட்டி எடுத்துப்போகக் கூடாது. அழுகிய உடலுக்குள் வாயு அடைத்திருக்கும் என்பதால் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பதும் ஆபத்துதான். வனத்துறையும் கால்நடை மருத்துவர்களும் வந்து பிரேதப் பரிசோதனை முடித்துப் புதைப்பார்கள்.

உயிரோடு ஒதுங்கினால் விஷயமே வேறு. நம்மைப் போல நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி அது. தரையில் கிடக்கும்போது அதன் எடையே நுரையீரலை அமுக்கும். தோலில் ஈரத்துணி போடலாம், தண்ணீர் ஊற்றலாம். ஆனால் தலைமேல் இருக்கும் மூச்சுத் துளையில் தண்ணீரோ மணலோ போகக் கூடாது. வாலில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. கூட்டத்தை விலக்கிவிட்டு 1093-க்கோ 1554-க்கோ அழையுங்கள். முன்னது கடலோரப் பாதுகாப்புக் குழுமம், பின்னது கடலோரக் காவல் படை. கரை ஒதுங்கும் பெரிய கடல் உயிர்களை எப்படிக் கையாள்வது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 ஜனவரியில் ஒரு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது.

வலையில் மாட்டினால் என்ன செய்வது? உடனே அவிழ்த்துவிட வேண்டும், முடியாவிட்டால் வலையை வெட்ட வேண்டும். கரைக்குக் கொண்டு வரக் கூடாது. ஓங்கிலுக்கும், அதாவது டால்பினுக்கும், இதே விதி. மேலெல்லாம் புள்ளி இருக்கிற திமிங்கலச் சுறா மீன் இனம்தான் என்றாலும் 2001-இலேயே அதையும் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? வணிக வேட்டைக்கு உலகத் தடை 1986-இல் அமலுக்கு வந்துவிட்டது. ஆனாலும் நீலத் திமிங்கலம் இன்னும் அழியும் நிலையில் உள்ள இனம்தான். ஒரு தாய் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். அந்த வேகத்தில் பெருகும் இனத்துக்கு ஒரு சாவுகூடப் பெரிய இழப்பு. பழி முழுவதும் மீனவர் மேல் இல்லை. பெரிய திமிங்கலங்கள் சாவதற்குக் கப்பல் மோதுவதும் முக்கியமான காரணம். காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் எவ்வளவு பெரிய கப்பல்கள் வந்து போகின்றன என்பதை எண்ணூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வெட்டிய வலைக்கு யார் பணம் தருவார்கள்? மகாராஷ்டிர அரசு 2018 முதல், பாதுகாக்கப்பட்ட கடல் உயிரை விடுவிக்க வலையை வெட்டும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை தருகிறது. போட்டோவோ வீடியோவோ ஆதாரம் காட்ட வேண்டும். வலையை இழக்கச் சொல்லும் சட்டம் அதற்கு ஈடும் தந்தால்தான் பாதுகாப்பு நடைமுறைக்கு வரும் என்பது என் கருத்து. அதனால் கடலில் அப்படி ஒன்று நடந்தால் போனில் படம் எடுத்து, இடம், நேரம், படகின் பதிவு எண் எல்லாவற்றையும் குறித்து வைத்து, மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் சங்கத்தின் மூலம் மனுவாகக் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது, ரசீது வாங்குங்கள்.